மண்ணெண்ணெய் ஒன்று, கணக்கு இரண்டு



மாரி மழை பிடித்தால் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவைத் திறந்தால் அது இன்னும் ஏறும். அந்த நாட்களில் நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் இடையில் பாதை இல்லை, ஆறுதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியும், பாடம் படிப்பிக்கப் போகிற ஆசிரியையும், மரக்கறி கொண்டுபோகிற வியாபாரியும் உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொண்டு அக்கரை போவார்கள். தமிழருக்கும் முஸ்லிமுக்கும் அங்கே ஒரே பெட்டி, ஒரே பயம்.

இது பயந்தவன் கட்டிய கதை இல்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் நடந்ததை நம் பகுதியில் மறந்தவர் யார்? நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உழவு இயந்திரத்தில் வெள்ளத்தைக் கடந்தார்கள். வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போனது. நாட்கணக்கில் தேடி ஜனாஸாக்களை எடுத்தோம். வீட்டுக்குப் போக ஒரு பாதை இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு இருந்திருப்பார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நம் தோழர் ஒருவருடைய கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. ஐரோப்பிய நகரங்களுக்குப் போய்வர நடுத்தர அளவுத் தனியார் ஜெட் விமானம் வாடகைக்குக் கிடைக்குமாம். ஏழு, எட்டுப் பேர் கால் நீட்டி இருக்கலாம். வரிசை இல்லை, காத்திருப்பு இல்லை. காலையில் லண்டன், மத்தியானம் ஜெனீவா, இரவுச் சாப்பாட்டுக்குப் பாரிஸ். இந்த விளம்பரம் நாவிதன்வெளியில் உள்ளவனுடைய தொலைபேசிக்கு ஏன் வந்தது என்று கேட்டு எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து முடிந்த பிறகு கணக்குப் பார்த்தோம். கணக்கில் சிரிப்பு வரவில்லை. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

ஒரு மணி நேரம் எத்தனை பேர்?

இப்படியான விமானத்தின் வாடகை மணிக்கு நாலாயிரம் யூரோவும் அதற்கு மேலும். ஒரு யூரோவை 340 ரூபா என்று பிடித்தால் 13 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. தோட்டத்துக்கு 2026 வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்ட 1,750 ரூபாவை ஒரு சதமும் வெட்டாமல் கொடுத்தாலும் அது 777 பேர். ‘பேர்’ என்றால் என்னவென்று நம் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. விடியப் பெரட்டுக்குப் போய், அட்டைக்கடி பட்டு, மழையில் நனைந்து, நிறுவையில் கிலோ காட்டினால் விழுகிற ஒரு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப் பேர். 777 முழுப் பேர் என்றால் இரண்டரை வருட உழைப்பு. அந்தப் பெரிய மனிதர் தேநீர் குடித்து முடிக்கிற நேரத்துக்கு அந்தத் தேயிலையைப் பறித்தவளின் இரண்டரை வருடம் சரி.

இன்னொரு கணக்கு. ஜெட் எரிக்கிற எண்ணெய் என்ன? தேவலோகத்து அமிர்தம் இல்லை. நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். லயத்தில் விளக்குக்கும் அடுப்புக்கும் ஊற்றிய அதே இன எண்ணெய். கல்முனை, சாய்ந்தமருதுக் கரையில் வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெய். வயலில் தண்ணீர் இறைக்கிற பம்புக்கு ஊற்றுகிற எண்ணெய். நடுத்தர ஜெட் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 800 லீற்றர் குடிக்கும். வாரம் இரண்டு லீற்றர் பாவிக்கிற வீட்டுக்கு அது 400 வாரத்துக்கு வரும். ஏழரை வருடத்துக்கும் மேல்!

2022ஐ நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய்க் கானோடு இரவு பகலாக வரிசையில் நின்றோம். ஓகஸ்ட் 21ஆம் திகதி இரவு 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 340 ரூபா ஆனது. ஒரே அடியில் நான்கு மடங்கு! கடலுக்குப் போகிறவன் வள்ளத்தைக் கரையில் ஏற்றினான். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் அட்டையில் அளந்து கொடுத்தார்கள். மானியம் நாட்டைக் கெடுக்கிறது, ஏழை உண்மையான விலையைக் கொடுக்கப் பழக வேண்டும் என்று நமக்குப் பாடம் படிப்பித்தார்கள்.

சரி, படித்தோம். மேலே பறக்கிறவர்களுக்கும் அந்தப் பாடம் உண்டா? ஐரோப்பாவில் வாடகை ஜெட் பெரும்பாலும் ‘வர்த்தகப் பறப்பு’ என்ற பெயரில் எரிபொருள் வரியிலிருந்து தப்பிக்கொள்கிறது. அங்கே கார் ஓட்டுகிற தொழிலாளி பெற்றோலுக்கு வரி கட்டுகிறான். ஜெட்டில் போகிற முதலாளி கட்டுவதில்லை. மண்ணெண்ணெய் ஒன்றுதான், கணக்குத்தான் இரண்டு.

நம்முடைய ஆட்கள் ஜெட் வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை

“அது வெள்ளைக்காரப் பணக்காரனின் கூத்து, நமக்கென்ன?” என்று சில தோழர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் நாட்டை ஆண்டவர்கள் தங்கள் காசில் ஜெட் வாடகைக்கு எடுத்து ஐரோப்பா போனார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அதற்கு அவர்களுக்குத் தேவையே இருக்கவில்லை. பொதுமக்களின் விமான சேவை, பொதுமக்களின் விமானப்படை, பொதுமக்களின் திறைசேரி மூன்றையும் சொந்த ஜெட் மாதிரி நடத்தப் பார்த்தார்கள். நாம் இங்கே சொல்ல வருவதும் அதைத்தான்.

2007 டிசம்பர். அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ மகனுடைய கடற்படைப் பயிற்சி நிறைவு விழாவுக்காக இங்கிலாந்து போயிருந்தார். திரும்பி வர லண்டன் - கொழும்பு ஸ்ரீலங்கன் விமானத்தில் அவருக்கும் பரிவாரத்துக்கும் இடம் கேட்டார்கள். விமானம் நிறைந்திருந்தது. காசு கட்டி டிக்கெட் எடுத்த 35 பேரை இறக்கினால்தான் இடம் வரும். விமான சேவை மறுத்தது. அப்போது அதை நிர்வகித்தது எமிரேட்ஸ். அதற்குப் பங்கில் 43 வீதத்துக்கு மேல் இருந்தது. மறுத்ததற்குக் கிடைத்த பரிசு என்ன? தலைமை நிர்வாகி பீற்றர் ஹில்லின் வேலை விசா பறிக்கப்பட்டது. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டுப் போனது. 2010இல் தன் பங்கையும் அரசுக்கு விற்றுவிட்டது.

எமிரேட்ஸ் கம்பனிக்காக நாம் கண்ணீர் விடவில்லை. அது தன் இலாபத்துக்கு வந்தது, தன் இலாபத்துக்குப் போனது. அரச சொத்து அரசிடம் இருக்க வேண்டும் என்பதே நம் சங்கத்தின் கொள்கை. நம் கேள்வி வேறு. அந்த 35 ஆசனங்களில் இருந்தவர்கள் யார்? வேலை முடித்து ஊர் வருகிறவர், சாவு வீட்டுக்கு ஓடி வருகிறவர், பிள்ளையைக் காண வருகிறவர் இருந்திருக்க மாட்டார்களா? அவர்களை இறக்கிவிட்டுத்தான் ஒரு குடும்பம் வசதியாக வர வேண்டுமா? அரச சொத்து என்றால் மக்கள் சொத்து. ஆளுகிறவனின் வீட்டு வாகனம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். பல வருடங்கள் தொடர்ந்து நட்டம். புதிய எயார்பஸ் விமானங்கள் வாங்க 2013இல் ஓடர் கொடுத்தார்கள். அந்த வியாபாரத்துக்காக ஸ்ரீலங்கன் உயர் அதிகாரி ஒருவரின் மனைவியின் கம்பனிக்கு 20 இலட்சம் டொலர் போனது என்பது 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்றத்தின் முன் வந்த எயார்பஸ் உடன்பாட்டில் வெளியானது. நட்டத்தை யார் சுமந்தது? 2025 வரவு செலவுத் திட்டத்திலும் அந்த விமான சேவையின் பழைய கடனுக்காக 2,000 கோடி ரூபா ஒதுக்க நேர்ந்தது. அதே வரவு செலவுத் திட்ட உரையில்தான் தோட்டத் தொழிலாளிக்கு 1,700 ரூபா என்ற முன்மொழிவும் வந்தது. விமானத்தின் கடனுக்கு ஒதுக்கீடு, நமக்கு முன்மொழிவு!

அம்பாறைக் கமக்காரர்களுக்கு ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். 2013 மார்ச்சில் திறந்த மத்தள விமான நிலையத்துக்கு 20 கோடி டொலருக்கு மேல் செலவு. பெரும்பகுதி சீனக் கடன். பறக்க ஆளில்லாமல் போன பிறகு, 2015இல் அங்கே நெல் அடுக்கி வைத்தார்கள். வெயிலில் நெல்லைக் காயப்போட்டு, களஞ்சியம் இல்லாமல் கிடைத்த விலைக்கு ஆலைக்காரனிடம் கொடுக்கிற நமக்கு, உலகத்திலேயே விலை கூடிய நெற்களஞ்சியம் நம் நாட்டில்தான் இருந்தது என்பதைக் கேட்டால் பெருமையாக இருக்கும்!

பாராளுமன்றத்தில் வந்த கொப்பி

2025 பெப்ரவரியில் பிரதமர் ஹரிணி அமரசூரிய ஜனாதிபதிமாரின் வெளிநாட்டுப் பயணச் செலவைப் பாராளுமன்றத்தில் வாசித்தார். மஹிந்த ராஜபக்ஷ 2010 முதல் 2014 வரை 357 கோடி 20 இலட்சம் ரூபா. மைத்திரிபால சிறிசேன 38 கோடி 40 இலட்சம். கோட்டாபய ராஜபக்ஷ 12 கோடி 60 இலட்சம். ரணில் விக்கிரமசிங்க 53 கோடி 30 இலட்சம். புதிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அதுவரையான மாதங்களுக்கு 18 இலட்சம்.

அந்த முதல் தொகையைக் கொழுந்துக் கூடையில் போட்டு நிறுத்துப் பார்ப்போம். 2013 கூட்டு ஒப்பந்தத்தின்படி எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நம் நாட்சம்பளம் 620 ரூபா. 357 கோடி 20 இலட்சம் ரூபா என்றால் 57 இலட்சத்து 60 ஆயிரம் பேர். கம்பனிக்காரர் கூட்டு ஒப்பந்த மேசையில் பத்து ரூபாவுக்கும் இருபது ரூபாவுக்கும் நம் தலைவர்களோடு மாதக்கணக்கில் இழுபட்ட காலம் அது. “நாட்டிடம் காசு இல்லை, தொழில்துறை தாங்காது” என்று சொன்னார்களே, வானத்தில் தாங்கியிருக்கிறது.

அடுத்தது லண்டன் கதை. 2023 செப்டெம்பரில் ஹவானா, நியூயோர்க் பயணம் முடித்துத் திரும்பிய ரணில் விக்கிரமசிங்க, மனைவிக்குக் கௌரவப் பேராசிரியர் பதவி வழங்கப்பட்ட வூல்வர்ஹம்ப்டன் பல்கலைக்கழக விழாவுக்காக இங்கிலாந்தில் தங்கினார். அந்தத் தனிப்பட்ட பயணத்துக்கு அரச பணம் ஒரு கோடி 66 இலட்சம் ரூபா பாவிக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 2025 ஓகஸ்ட் 22ஆம் திகதி குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவரைக் கைது செய்தது. நான்கு நாட்களின் பின் பிணை கிடைத்தது. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம், நாம் இல்லை.

ஆனால் கணக்குச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. 2023இல் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு கோடி 66 இலட்சம் என்றால் 16,600 பேர். வருடத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் 55 வருடம். 18 வயதில் மலைக்கு ஏறுகிற பிள்ளை 73 வயது வரை கொழுந்து பறித்தால்தான் அந்தத் தொகை வரும். அதுவும் ஒரு சதம் சாப்பிடாமல்!

அதே தலைவர்தான் 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபா சம்பளம் என்று அறிவித்தார். கைதட்டினோம். கம்பனிகள் நீதிமன்றம் போயின. உயர் நீதிமன்றம் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் கையில் வந்தது 1,350. கம்பனியின் வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இருந்தது, கொழுந்து பறித்தவளுக்குக் கொடுக்க இல்லை.

விமானப்படை விமானம் யாருக்கு?

2021 மேயில் ஒரு வர்த்தமானி வந்தது. இரசாயன உரம் ஒரே இரவில் நின்றது. தேயிலை வெளிறியது, கிலோ குறைந்தது, அரைப் பேர் கூடியது. நாவிதன்வெளி, சவளக்கடை வயல்களில் நெல்லும் பதராகி நின்றது. மலையும் வயலும் ஒரே நேரத்தில் ஒரே கையெழுத்தால் அடிபட்டன. நவம்பரில் தடையை எடுத்தார்கள். நம் நட்டத்தை யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கையெழுத்துக்குரியவர் 2022 ஜூலை 13ஆம் திகதி அதிகாலை விமானப்படையின் அன்டனோவ் 32 விமானத்தில் மனைவியோடும் பாதுகாவலரோடும் மாலைதீவுக்குப் பறந்தார். மறுநாள் சிங்கப்பூர். இராஜினாமாக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. நாட்டில் அன்றைக்குப் பெற்றோல் இல்லை. பிள்ளைக்குப் பால்மா இல்லை. நோயாளியை ஏற்ற ஓட்டோவுக்கு எண்ணெய் இல்லை. அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் எண்ணெய் இருந்தது. மாவடிப்பள்ளியில் பிள்ளைகளை வெள்ளம் இழுத்தபோது இந்தத் தேசத்தின் வாகனம் என்று சொல்ல அவர்களுக்கு இருந்தது ஓர் உழவு இயந்திரப் பெட்டிதான் என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

நம் வீட்டுப் பெண்களும் பறக்கிறார்கள். நாவிதன்வெளியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் ஹட்டன், பொகவந்தலாவையிலிருந்தும் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். காதில் கிடந்ததை அடகு வைத்துப் போகிறார்கள். மூன்று ஆசனத்து நடு ஆசனத்தில், பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2024இல் இந்த நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் மேல். எண்ணெய் வாங்கிய டொலர் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை. நம் உம்மாமாரும் அம்மாமாரும் அக்காமாரும் பிற வீட்டுக் கக்கூஸ் கழுவி அனுப்பிய டொலர் அது. கல்முனையில் ஹஜ்ஜுக்குப் போக ஆசைப்படுகிற வாப்பா பத்து வருடம் சீட்டுப் போட்டு ஒரு டிக்கெட் சேர்க்கிறார். வாழ்நாளில் ஒரு பயணம், அதுவும் அல்லாஹ்வின் வீட்டுக்கு. அவருக்கு அரச பணம் தேவைப்படவில்லை.

மேலே போகிற புகை கீழேதான் விழுகிறது

“சொந்தக் காசில் ஜெட்டில் போகிறவனை என்ன செய்வது? அவன் காசு, அவன் சுகம்” என்பார்கள். காசு அவனுடையது என்றே வைத்துக்கொள்வோம். புகை யாருடையது?

ஐரோப்பியப் போக்குவரத்து ஆய்வு அமைப்பு ஒன்று 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தனியார் ஜெட்டில் போகிற ஒருவர் சாதாரண விமானத்தில் போகிறவரைவிட 5 முதல் 14 மடங்கு அதிகம் மாசு செய்கிறார். ரயிலோடு ஒப்பிட்டால் 50 மடங்கு. லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம். கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டன் வருகிற நேரத்தில் பாதிகூட இல்லை. அப்படியிருந்தும் அந்த வழி ஐரோப்பாவில் தனியார் ஜெட்டுகள் அதிகமாகப் பறக்கிற வழிகளில் ஒன்று.

அங்கேயும் இதை எதிர்த்து எழும்பியவர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் அம்ஸ்ரடாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலியைத் தாண்டி ஓடி, தனியார் ஜெட்டுகளின் சக்கரத்துக்கு முன் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் அந்த விமான நிலையமே தனியார் ஜெட்டுகளை நிறுத்தப்போவதாக ஒரு திட்டம் அறிவித்தது. பிரான்ஸ் 2023இல் இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய உள்நாட்டு வழிகளில் விமான சேவையைத் தடை செய்தது. யாருக்கு? சாதாரணப் பயணிக்கு. தனியார் ஜெட்டை அந்தச் சட்டம் தொடவில்லை. சட்டத்திலும் இரண்டு கணக்கு!

அந்தப் புகையால் சூடேறிய கடலும் காற்றும் எங்கே வந்து கொட்டுகின்றன? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்கள் போயின. ஒரு புயலுக்கு ஒரு ஜெட்டைக் காரணம் காட்ட நாம் மடையர் இல்லை. ஆனால் பூமி சூடேறினால் மழை மூர்க்கமாகும் என்பதை விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள். சரிவில் இருக்கிற லயமும் தாம்போதிக்கு அக்கரையில் இருக்கிற ஊரும்தான் அந்த மழையை முதலில் வாங்குகின்றன. மண்ணெண்ணெய்க்கு 340 ரூபா கொடுக்க முடியாமல் அடுப்பை அணைத்தவளின் தலையில், மணிக்கு 800 லீற்றர் எரித்தவனின் புகை மழையாக விழுகிறது.

எதிர்ப் பேச்சுக்கு நம் பதில்

“நாட்டுத் தலைவர் பஸ்ஸில் போக முடியுமா? பாதுகாப்பு வேண்டாமா?” என்று கேட்பார்கள். பாதுகாப்பு வேண்டும். தலைவர் வெளிநாடு போகத்தான் வேண்டும், கடன் பேச வேண்டும், தேயிலைக்குச் சந்தை தேட வேண்டும். நாம் அதை எதிர்க்கவில்லை. பாதுகாவலர் இருவர் போதுமான இடத்தில் பரிவாரம் எதற்கு என்று கேட்கிறோம். மகனுடைய விழாவையும் மனைவியின் விழாவையும் நாட்டின் வேலை என்று எழுதும் உரிமையை யார் கொடுத்தது என்று கேட்கிறோம்.

“இப்போதைய அரசாங்கம் செலவைக் குறைத்துவிட்டதே” என்பார்கள். குறைத்ததை வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, ஒரு தலைவரின் நல்ல குணத்தை நம்பித் தொழிலாளி படுக்கப் போக முடியாது. நல்ல துரை வந்த தோட்டத்தில் அடுத்த வருடம் கெட்ட துரை வந்ததை நாம் எத்தனை தடவை கண்டிருக்கிறோம்? துரையின் குணத்தை நம்பாமல் சட்டத்தை எழுதிக் கேட்டதால்தான் சேமலாப நிதியும் பிரசவ விடுமுறையும் நமக்குக் கிடைத்தன. இதையும் எழுதித்தான் கேட்க வேண்டும்.

“சங்கத் தலைவர்களும் வெளிநாடு போகிறார்களே?” என்று சிலர் வாய்க்குள் கேட்பார்கள். வாய்க்குள் வேண்டாம், சத்தமாகக் கேளுங்கள். நாம் மாதம் மாதம் கட்டுகிற சந்தாவுக்கும் அதே விதிதான். யார் போனார், எதற்குப் போனார், யார் காசு என்பதைச் சங்கங்களும் தோட்டக் கமிட்டியின் முன் வைக்க வேண்டும். நம் வீட்டைக் கூட்டாமல் அடுத்த வீட்டு முற்றத்தைக் காட்ட மாட்டோம்.

நாம் கேட்பது

முதலாவது, ஜனாதிபதி, பிரதமர், அமைச்சர், அரச கூட்டுத்தாபனத் தலைவர் எவராக இருந்தாலும், ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்தின் நோக்கமும் கூட வந்தவர் பட்டியலும் செலவும் பயணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பத்து வருடம் கழித்து, ஆட்சி மாறிய பிறகு, எதிரியை அடிக்க எடுக்கிற கொப்பியாக அது இருக்கக்கூடாது.

இரண்டாவது, தனிப்பட்ட பயணத்துக்குப் போன அரச பணம் என்று நிரூபணமானால் அது வட்டியோடு திரும்ப வர வேண்டும். தோட்டத்தில் கடன் எடுத்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அங்கேயும் பிடியுங்கள்.

மூன்றாவது, “கொடுக்க முடியாது” என்று நீதிமன்றம் போகிற ஒவ்வொரு பெருந்தோட்டக் கம்பனியும், பணிப்பாளர்களின் சம்பளம், நிர்வாகக் கட்டணம், பயணச் செலவு அடங்கிய முழுக் கணக்கையும் சம்பளப் பேச்சு மேசையில் தமிழிலும் சிங்களத்திலும் வைக்க வேண்டும். கொப்பியைக் காட்டாதவன் இல்லை என்று சொல்லக்கூடாது.

நான்காவது, வள்ளத்துக்கும் வயல் பம்புக்கும் வீட்டு அடுப்புக்கும் போகிற மண்ணெண்ணெய்க்கு நிரந்தரச் சலுகை விலை வேண்டும். இந்த நாட்டில் வந்து இறங்குகிற தனியார் ஜெட்டுகளிடம் அதற்கான காசை வரியாக எடுங்கள்.

ஐந்தாவது, கிட்டங்கிக்கும் மாவடிப்பள்ளிக்கும் வெள்ளத்துக்கு மேலால் போகிற பாலம் வேண்டும். சரிவில் உள்ள லயக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு கோரிக்கை என்று நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள். ஒன்றை முஸ்லிம் பிரச்சினை, ஒன்றை மலையகப் பிரச்சினை, இன்னொன்றைக் கிழக்குத் தமிழர் பிரச்சினை என்று மூன்று கட்டாகக் கட்டுவார்கள். கட்ட விடாதீர்கள். ஹிங்குராணையில் கரும்பு வெட்டுகிறவனும் பொகவந்தலாவையில் கொழுந்து பறிக்கிறவளும் நாவிதன்வெளியில் கூலிக்குக் கதிர் அறுக்கிறவனும் வாங்குவது ஒரே கூலி, ஏமாறுவதும் ஒரே கையிடம்.

தோழர்களே! இந்த இதழை வாசித்து மடித்து வைக்காதீர்கள். பெரட்டுக் களத்தில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். ஜும்ஆ முடிந்து வருகிறவரிடமும் கோவில் திருவிழாவுக்கு வருகிறவரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மகஜரில் கையெழுத்து வைக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும். நாம் யாருடைய ஆகாயத்தையும் கேட்கவில்லை. பிள்ளை பாடசாலைக்குப் போய் நனையாமல் வீடு திரும்ப ஒரு பாலம் கேட்கிறோம். அதற்குக் காசு இல்லை என்று இனி எவராவது சொன்னால், 57 இலட்சத்து 60 ஆயிரம் பேர் எங்கே போனது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.